சுறா எண்ணெய் தடவிய சைக்கிள்கள்

புதுவாயல் கூட்டுரோட்டில் என் நண்பனின் தந்தைக்கு ஓடு வேய்ந்த ஓர் அறை இருந்தது. பழவேற்காட்டிலிருந்து மாட்டுவண்டியில் வரும் கருவாட்டு மூட்டைகளை அங்கே இறக்கி வைத்து, லாரி கிடைக்கும்போது புத்தூர், பீலேறு, மதனப்பள்ளிச் சந்தைகளுக்கு அனுப்புவார். அந்த அறையைத்தான் நண்பன் கேட்டான். அதில் வாடகை சைக்கிள் கடை வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. கூட்டுரோட்டில் அப்போது டீக்கடை, சோடாக்கடை, இந்தக் கருவாட்டு அறை, இவ்வளவுதான். மதராஸ் பஸ் வந்து நின்றால் இறங்குகிறவர்களை எனக்குக் காட்டிக்கொண்டே இருப்பான். "பாரு, அந்தப் பெரியவரு ஆரணி போறவரு. அந்தாளு பெருவாயல். எல்லாம் நடந்துக்கினு போவுது பாரு. ஒரு சைக்கிள் வாடகைக்கு இருந்தா எடுக்க மாட்டாங்களா?" எடுப்பார்கள் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் அறை அவன் வாப்பாவுடையது. அவர்கள் வீட்டில் அப்பாவை வாப்பா என்பார்கள். சிறு வயதிலிருந்து அங்கே சாப்பிட்டு வளர்ந்ததால் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

வாப்பாவுக்குச் சைக்கிள்மேல் கோபம் கிடையாது, நம்பிக்கைதான் கிடையாது. "கருவாட்ட ஜனங்க உயிரோட இருக்குற வரைக்கும் துன்னும். சைக்கிளு தரை மட்டத்துல ஓடுற சாமான். ஒரு மேடு வந்தா அத நீ தூக்கிக்கினு போவணும். அத நம்பி ஒரு பொழப்பா?" என்றார்.

"மேடும் ஏறும் வாப்பா."

"ஏறுமா? அப்போ மதனப்பள்ளி போயி லாத்தாவ பாத்துட்டு வா." லாத்தா என்றால் அக்கா, அவளை மதனப்பள்ளியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். "போறப்பவும் வரப்பவும் பஸ்ஸு, ரயிலு, லாரி, ஒண்ணுத்துலயும் ஏறக் கூடாது. ஏறாம வந்தீன்னா ரூமு ஒன்து."

"ஏறிட்டா?"

"மறுநாளே வந்து சாக்கு தைக்க ஒக்காரு. அப்பறம் சைக்கிளு பேச்சு இந்த ஊட்ல இருக்கக் கூடாது."

வெளியே வந்ததும் நான் கேட்டேன், "ஏறுனியா இல்லியான்னு யாரு பாக்கப் போறாங்க?"

"வாப்பா கேப்பாரு. நான் சொல்லணுமே," என்றான்.

எனக்குப் பரீட்சை முடிந்திருந்தது. வயலில் வேலை இல்லை. சைக்கிள் இருந்தது. நானும் கிளம்பினேன்.

நண்பன் வீடு இருந்த பழவேற்காட்டில் இரும்பு நீடித்து இருப்பது கடினம். ஏரிப் பக்கமிருந்தும் கடல் பக்கமிருந்தும் உப்புக்காற்று அடிக்கும். கதவுக் கீல் ஒரு மழைக்காலம் தாங்காது. அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் வீட்டிலிருக்கும் இரும்பையெல்லாம், பூட்டு, கீல், அரிவாள்மணை, கிணற்று ராட்டினம் எதுவும் விடாமல், சுறா எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிடுவார்கள். சைக்கிளும் இரும்புதான். அதற்கும் ஹாண்டில்பாரிலிருந்து சக்கர ரிம் வரை எண்ணெய் உண்டு.

நாங்கள் கிளம்பிய காலையில் வாப்பா தன் கையாலேயே இரண்டு வண்டிகளையும் துடைத்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாக. என் வண்டி முடிந்ததும் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு குப்பி எண்ணெயைத் துணியில் சுற்றி மகனிடம் கொடுத்தார். "தெனம் தொடச்சிட்டுத்தான் ஏறணும். வண்டி நம்மள பாத்துக்கணும்னா நாம வண்டிய பாத்துக்கணும்." சைக்கிளை நம்பாத மனிதர் பேசுகிற பேச்சாக அது இல்லை.

பிரேக்கைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. மேடு பள்ளமில்லாத எங்கள் பக்கத்தில் பிரேக் வண்டியோடு வருகிற ஒரு சாமான், அவ்வளவுதான். மிதிப்பதை நிறுத்தினால் வண்டி தானே நின்றுவிடும். அவசரம் என்றால் காலை ஊன்றிக்கொள்வோம். திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போய்வருகிற குமாஸ்தாக்கள்கூட அப்படித்தான் ஓட்டினார்கள்.

பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் என்று போனோம். அந்த எண்ணெய்க்கு ஒரு நாற்றம் உண்டு. வெயில் ஏற ஏற அது கூடியது. ஊருக்கு ஊர் நாய்கள் எங்களைத் தொடர்ந்து ஓடி வந்தன. பிச்சாட்டூரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நாஷ்டாவுக்கு உட்கார்ந்தபோது ஒரு நாய் என் பின்சக்கரத்தை மிகப் பொறுமையாக நக்கிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர் எங்களையும் வண்டிகளையும் பார்த்தார். "பாய், மீனு இன்னா வெலை?" என்றார்.

"மீனு இல்ல, சைக்கிளு."

"செத்து எத்தினி நாளாச்சு?"

நண்பன் சிரித்துவிட்டான். அவனுக்குக் கோபம் வர வைப்பது கடினம்.

காலை பத்து மணிக்கு மேல் ஓட்ட முடியவில்லை. தார் இளகி டயரில் ஒட்டியது. சக்கரம் சுற்றும்போது பிசினிலிருந்து எதையோ பிய்த்து எடுப்பதுபோல ஒரு சத்தம். ஹாண்டில்பாரில் ஈரத்துண்டைச் சுற்றிப் பிடித்தோம். ஒரு மைல் போவதற்குள் அது காய்ந்து சுட்டது. டியூபில் ஒட்டிய ஒட்டுகள் சூட்டில் பிரிந்தன. புளியமரம் கண்ட இடத்தில் இறங்கி, டயரில் கொஞ்சம் காற்றை விட்டு, வண்டியை நிழலில் படுக்கவைத்துவிட்டு நாங்களும் படுப்போம். நண்பனின் சட்டை முதுகில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கோடு போட்டிருந்தது. "ஊர்லேந்து கெளம்புனாலும் உப்பு உட மாட்டேங்குது பாரு," என்றான்.

நகரி மலையை அவன் கடலிலிருந்து மட்டுமே பார்த்திருந்தான். மாமாவின் படகில் போகும்போது, கரை மறைந்த பிறகும் மேற்கே மூக்கு மாதிரி அதன் உச்சி மட்டும் தெரியுமாம். மீன்பிடிக்கிறவர்கள் அதை வைத்துத்தான் வீட்டுக்கு வழி பார்ப்பார்கள். புத்தூரை நெருங்கும்போது சைக்கிளை நிறுத்தி, அந்தச் செம்பாறைச் சுவரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"இன்னா பா, கிட்ட வந்தா மூக்கையே காணம்?"

"கிட்ட வந்தா யாரு மூக்கும் தெரியாது," என்றேன்.

"அதில்ல. இத நம்பித்தான் எங்க மாமா அவ்ளோ தூரம் போறாரு. போயி சொல்லணும், அங்க ஒண்ணும் இல்லன்னு."

சந்திரகிரி தாண்டி பாக்ராபேட்டை மலைப்பாதை தொடங்கியது. முதல் வளைவுவரை மிதித்தோம். இரண்டாவது வளைவில் நின்று மிதித்தோம். மூன்றாவதில் இறங்கிவிட்டோம். அதன்பிறகு உச்சிவரை தள்ளிக்கொண்டுதான் போனோம். காற்றே இல்லை. இலை உதிர்ந்த செம்மரங்கள் நிழல் என்று சொல்லும்படி எதையும் தரவில்லை. பாறைச் சூடு பக்கவாட்டிலிருந்து முகத்தில் அடித்தது. வாப்பா சொன்னது அப்படியே நடந்துகொண்டிருந்தது. மேட்டில் சைக்கிளை நாங்கள்தான் ஏற்றிக்கொண்டு போனோம். இதை இருவரும் உணர்ந்திருந்தோம். யார் முதலில் சொல்வது என்றுதான் இருந்தது.

கடைசியில் அவனே சொன்னான். "தள்றதப் பத்தி வாப்பா ஒண்ணும் சொல்லல, இல்ல?"

"இல்ல. ஏறக் கூடாதுன்னுதான் சொன்னாரு."

"நாம எங்க ஏறுனோம்? அதுதான் நம்ம மேல ஏறிக்கினு வருது."

மதனப்பள்ளியில் லாத்தா எங்களைக் கண்டதும் வாசலிலேயே திட்டத் தொடங்கினாள். "இந்த வெயில்ல சைக்கிளா? வாப்பாவுக்கு புத்தி கெட்டுதா, ஒனக்குக் கெட்டுதா?"

"ரெண்டு பேருக்குந்தான் லாத்தா. சோறு போடு."

எங்கள் முகம் கருத்து, உதடு வெடித்திருந்தது. வெண்ணெய் கொண்டுவந்து தம்பி உதட்டில் அவளே தடவினாள். என்னிடம் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டாள். அந்த ஊரில் காற்று குளிர்ச்சியாக இருந்தது. மே மாதத்தில் போர்வை கேட்டுப் படுத்தது எனக்கு அதுவே முதல் தடவை. தெருவிலிருந்த பூனைகள் எல்லாம் எங்கள் சைக்கிள்களைச் சுற்றிக் கூடியிருந்தன. ஒரு கிழட்டுப் பூனை என் சீட்டின் மேலேயே தூங்கியது. லாத்தாவுக்கு அந்த வாசனையில் ஊர் நினைவு வந்திருக்க வேண்டும். விரட்ட விளக்குமாற்றோடு போனவள், வண்டியருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு விரட்டாமலே திரும்பிவிட்டாள்.

திரும்பும் நாள் காலையில் நண்பன் குப்பியில் மீதமிருந்த எண்ணெயை எல்லாம் இரண்டு வண்டிகளுக்கும் ஊற்றித் துடைத்தான்.

"எதுக்கு இவ்ளோ?" என்றேன்.

"எறக்கம்ல? சக்கரம் நெறய சுத்தும். எண்ண பத்தாம போச்சுன்னா?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மலையில் இறங்கியே பார்க்காதவர்கள் இருவர், அந்த வாதத்தில் என்ன பிழை என்று யார் சொல்வது?

பீலேறுவரை நிலம் மெல்லச் சரிந்துகொண்டே வந்தது. மிதிக்காமலே போனோம். நண்பன் கைகளை விட்டு ஓட்டினான். கடையின் பெயர்ப்பலகைக்கு எந்த நிறம் நல்லது என்று உரக்கப் பேசிக்கொண்டு வந்தான். பச்சையா, மஞ்சளா. போன வழியெல்லாம் ஏறாமல் போய்விட்டோம். திரும்பும் வழி இறக்கம்தான். அறை கிடைத்துவிட்டது என்றே நினைத்தோம்.

மலைப்பாதையின் உச்சி தாண்டியதும் வண்டி வேகம் எடுத்தது. முதல் வளைவில் பிரேக்கைப் பிடித்தேன். எதுவும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். ரப்பர் கட்டை ரிம்மில் வழுக்கிக்கொண்டே போனது; வெண்ணெயில் விரல் வைத்தது போல. முன்னால் போன நண்பன் வலது செருப்பை முன்டயரில் வைத்து அழுத்துவதைப் பார்த்தேன். செருப்பிலிருந்து புகை வந்தது. "கால வெய்யி! கால வெய்யி!" என்று கத்தினான். நான் தரையில் காலை வைத்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த முறை. அந்த வேகத்தில் தரை என் காலைப் பிடுங்கிக்கொண்டு போனது. மலைப் பக்கத்து மண்சரிவில் மோதி, உண்ணிச்செடிப் புதருக்குள் கிடந்தேன்.

அவன் வண்டியைப் போட்டுவிட்டு மேலே ஓடி வந்தான். ஒரு செருப்பின் அடி பாதியாகத் தேய்ந்திருந்தது. என் கணுக்கால் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது.

"சாவலியே?"

"இல்ல."

"சத்தியமா?"

பிறகு என் வண்டியின் ரிம்மை விரலால் தொட்டான். விரலை முகர்ந்து பார்த்தான். கீழே போய்த் தன் வண்டியின் ரிம்மையும் தொட்டான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"கடை வெக்கப் போற மூஞ்சப் பாரு," என்று தன்னைப் பார்த்தே சொன்னான்.

மண்ணைப் போட்டு ரிம்களைத் தேய்த்தான். பிரேக் கட்டைக்குள்ளேயே எண்ணெய் ஊறியிருந்தது. தேய்த்தும் பிடிப்பு வரவில்லை. அப்போதுதான் மேலேயிருந்து மாம்பழ லாரி ஒன்று உறுமிக்கொண்டு இறங்கி வந்து நின்றது. ஓட்டுநர் தெலுங்கர், மதராஸ் போய்ப் போய்த் தமிழ் பேசுவார். எங்களையும் வண்டிகளையும் பார்த்துவிட்டு, "ஏம் நைனா, பிரேக்கு லேதா? ரெண்டு பேரும் மேல ஏறுங்க. டப்பு, துட்டு ஒண்ணும் வேணாம்," என்றார்.

நண்பன் என்னைத் தூக்கி, மாம்பழத்தின் மேல் பரப்பியிருந்த வைக்கோலில் உட்கார்த்தினான். என் சைக்கிளையும் ஏற்றினான். தான் கீழேயே நின்றான்.

"நீ ஏறலியா?" என்றார் ஓட்டுநர்.

"நான் ஏறக் கூடாதுங்க."

"ஏதாவது வேண்டுதலா?"

"இல்லீங்க. கடை."

நான் மேலேயிருந்து கத்தினேன், ஏறித் தொலை, வாப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று. அவன் காதில் வாங்காமல் சாலையோரம் வெட்டிப் போட்டிருந்த புங்கங்கிளை ஒன்றை இழுத்து வந்தான். ஓட்டுநரிடம் கயிறு கேட்டு வாங்கி, இலையும் குச்சியுமாக அதைச் சைக்கிளின் பின்னால் கட்டினான். ஏறி உட்கார்ந்து மெல்ல விட்டுப் பார்த்தான். கிளை தரையைப் பிடித்து இழுத்தது. வண்டி நடை வேகத்தில் இறங்கியது.

ஓட்டுநருக்கு இது பிடித்துப்போயிற்று. அவனை முன்னால் விட்டு, லாரியை முதல் கியரில் போட்டுப் பின்னாலேயே வந்தார். மலை முழுக்க அப்படித்தான் இறங்கினோம். மாம்பழ மணத்துக்கு மேலே நான். கீழே ஒரு புழுதிமேகம். மேகத்துக்குள் ஒற்றைச் செருப்போடு என் நண்பன். எதிரே மேடேறி வந்த ஒரு மாட்டுவண்டிக்காரர் வண்டியை ஓரங்கட்டி, இந்த ஊர்வலம் கடந்து போகும்வரை எழுந்து நின்று பார்த்தார். பிற்காலத்தில் பத்திரிகை வேலையில் நான் பார்த்த ஊர்வலங்கள் எதுவும் அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

அடிவாரத்தில் கிளையை அவிழ்த்துவிட்டு, "நீ போ. வாப்பாகிட்ட நான் பின்னால வரேன்னு சொல்லு," என்றான். வழியில் நின்று நின்று வந்த லாரி என்னை மறுநாள் விடியலில் பெரியபாளையத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து முதல் பஸ் பிடித்துப் புதுவாயல் வந்தேன்.

வாப்பா கருவாட்டு அறை வாசலில் நின்றிருந்தார். பஸ் கூரையிலிருந்து இறங்கிய ஒரு சைக்கிளையும், நொண்டிக்கொண்டு இறங்கிய என்னையும் பார்த்தார். பஸ்ஸில் வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தார். பஸ் போய்விட்டது.

"அவன் எங்கடா?"

சொன்னேன். மலையைச் சொன்னபோது முகம் மாறவில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னபோது, "ஏன்?" என்றார். எண்ணெய் என்றேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"எந்தப் பக்கமா வருவான்? வா, காட்டு."

அடுத்த பஸ்ஸில் மறுபடி பெரியபாளையம் போனோம். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எதிரே வரும் ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்தார். அன்று எத்தனை பேர் சைக்கிளில் போகிறார்கள் என்பதை அவர் முதல்முறையாகக் கவனித்திருக்க வேண்டும். "இந்த ரோட்ல இத்தினி சைக்கிளா ஓடுது?" என்று ஒருமுறை தனக்குள் கேட்டுக்கொண்டார்.

பெரியபாளையத்தில் பஸ் நின்ற இடத்திலேயே, மோர்ப்பந்தலில் நண்பன் உட்கார்ந்திருந்தான்; ராத்திரி முழுக்க மிதித்து வந்திருக்கிறான். கண் மட்டும்தான் அவன் கண், மற்றதெல்லாம் மண். வாப்பா வேகமாகப் போய் அவன் கைகளைத் திருப்பிப் பார்த்தார், முட்டியைத் தொட்டுப் பார்த்தார், பாதத்தைத் தூக்கச் சொன்னார். பாதத்தில் வாழைமட்டை கட்டியிருந்தான்.

"ஏறு பஸ்ல," என்றார். புதுவாயல் பஸ் எதிரே கிளம்பத் தயாராக நின்றது.

"இன்னும் கொஞ்சந்தான் வாப்பா. ஓட்டிக்கினு வந்துடறேன்."

"நான் சொல்றேன், ஏறுடா. ரூமு ஒனக்குத்தான்."

"ஏறாம வந்தாத்தான் ரூமுன்னு சொன்னீங்க."

"நான்தான சொன்னேன்? இப்பவும் நான்தான சொல்றேன்?"

"அப்பறம் பாவப்பட்டுக் குடுத்த கடைன்னு ஆயிடும் வாப்பா. நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க."

அப்படிச் சொல்லக்கூடியவர்தான் என்று வாப்பாவுக்கும் தெரியும். நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு, "பெரியவரே, ஏறுறீங்களா, இங்கியே குடித்தனம் பண்றீங்களா? பேஜாரு பண்ணாதீங்க," என்றார். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண், "பாவம், புள்ளைய ஏத்திக்கய்யா," என்றாள்.

வாப்பா சைக்கிளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீ பஸ்ல வா," என்றார். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் போய், கேரியரில் பக்கவாட்டாக ஏறி உட்கார்ந்தார். அவர் சைக்கிளில் உட்கார்ந்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. வண்டி ஒருமுறை ஆடியது. நண்பனின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"ஏறக் கூடாதுன்னு ஒனக்குத்தான் சொன்னேன். எனக்கு இன்னா? மிதி."

ஆரணியில் வெகுநேரம் நின்று கிளம்பிய பிறகு எங்கள் பஸ் மறுபடி அவர்களை முந்தியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாப்பா குடையை விரித்து, கையை முன்னால் நீட்டி மகன் தலைக்குமேல் பிடித்திருந்தார். காற்று குடையைப் பின்னுக்கு இழுத்தது. நண்பனுக்கு மிதிப்பது இரண்டு மடங்காகியிருக்கும். ஆனாலும் மடக்கச் சொன்னதாகத் தெரியவில்லை. வாப்பா ஏதோ பேசிக்கொண்டே வந்தார்.

கூட்டுரோட்டில் டீக்கடை பெஞ்சில் காலை நீட்டிக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்தார்கள். வாப்பா இறங்கி, நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கம்பி மேல ஒரு மெத்தை தெச்சுப் போடு. பொம்பளைங்கள ஒக்கார வெச்சுக்கினு போறவன் முதல்ல அதத்தான் கேப்பான்."

இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அறையைத் திறந்தார். உள்ளே கூரைவரை மூட்டைகள் அடுக்கியிருந்தன. மூவரும் வாசலில் நின்று அதைப் பார்த்தோம். வாப்பா சாவியை மகன் கையில் வைத்தார்.

"சரி. அப்போ கருவாட்ட எங்கடா வெக்கிறது?"

நண்பன் என்னைப் பார்த்தான். பலகை நிறம்வரை யோசித்திருந்தவன், அதை மட்டும் யோசிக்கவே இல்லை.